சிவப்பு வந்தால் யார் ஓடி வருவார்?

எங்கள் கைத்தொலைபேசிக்குள் புதிதாக ஒரு மேலதிகாரி குடியேறியிருக்கிறார். அவருக்கு ஷிஃப்ட் கிடையாது, விடுப்பு கிடையாது, ஞாயிறும் தீபாவளியும் தெரியாது. ராத்திரி ஒன்பது மணிக்கு, சோற்றில் கை வைக்கிற நேரம் பார்த்து, 'இன்று உங்கள் மனநிலை எப்படி?' என்று மலாயில் கேட்பார். கீழே ஐந்து முகங்கள். ஒரு கோடியில் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பது, மறு கோடியில் கண்ணீர் விடுவது. நடுவில் உள்ள மூன்றும் என்ன நினைக்கின்றன என்று அவற்றைப் படைத்தவருக்கே வெளிச்சம். எதையாவது தட்டாமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் 'டிங்'. வாரக் கடைசியில் 21 கேள்விகள் தனி.

நான் அரசாங்கக் கிளினிக்கில் தாதி. கோல சிலாங்கூருக்கும் பெஸ்தாரி ஜெயாவுக்கும் நடுவில், செம்பனைத் தோட்டங்களின் ஓரம் என்று சொன்னால் போதும். எந்தக் கிளினிக் என்று சொல்லமாட்டேன், எனக்கும் பென்ஷன் வேண்டும். சுகாதார ஊழியர்களின் வேலை அழுத்தத்தைக் கண்காணிக்கத்தான் இந்தச் செயலி என்றார்கள். அறிமுகக் கூட்டத்துக்கு ஆளுக்கொரு நாசி லெமாக் பொட்டலம், கட்டைவிரலை உயர்த்திக் குழுப் படம், கைத்தட்டல். கூட்டத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் வெளியே வரிசை நீண்டுகொண்டே போனது. அந்த வரிசையை யார் பார்ப்பது? நாங்கள்தான், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்.

வாரக் கடைசியில் வரும் அந்த 21 கேள்விகள் புதியவை அல்ல. 1995-இல் ஆஸ்திரேலியாவில் லோவிபாண்ட் என்ற பெயர் கொண்ட இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட 'டாஸ்' பட்டியலின் சுருக்கம்தான். மனச்சோர்வுக்கு ஏழு, பதற்றத்துக்கு ஏழு, அழுத்தத்துக்கு ஏழு. கடந்த ஒரு வாரத்தை நினைத்துப் பார்த்து, பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண் போட வேண்டும். கூட்டி இரண்டால் பெருக்கினால், அழுத்தத்தில் 14 வரை இயல்பு. 34-ஐத் தொட்டால் மிக மிகக் கடுமை. உலகம் முழுக்கப் புழங்குகிற அளவுகோல். அதில் குறை சொல்ல எனக்குப் படிப்பு போதாது. ஆனால் அழுத்தத்துக்கான அந்த ஏழு கேள்விகளையும் வரி வரியாகப் படித்தவள் நான். சிடுசிடுக்கிறேனா, பொறுமை போகிறதா, கொஞ்சம் ஓய்ந்து உட்கார முடிகிறதா என்று எல்லாமே என்னைப் பற்றி. இன்றைக்கு எத்தனை டோக்கன் போனது, பிரசவ விடுப்பில் போனவளின் இடத்துக்கு ஆள் வந்ததா, மத்தியானம் சாப்பிட்டாயா, கணினி எத்தனை தடவை படுத்தது என்று ஒரு கேள்வி கிடையாது. ஒரு மனுஷியின் மனம் எந்த நிலையில் இருக்கிறது என்று அறியச் செய்த கோல் அது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து வேலையிடத்தை அளக்கிறோம் என்றால், அது அந்த ஆஸ்திரேலியர்களின் குற்றமல்ல.

எங்கள் திங்கட்கிழமை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இனிப்பு நீருக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாங்க வந்தவர்கள் வாசல் வரை நிற்பார்கள். விடியலிலிருந்து காத்திருக்கும் தோட்டத்துப் பாட்டி, பையிலிருந்து பழைய மாத்திரைகளை மேசையில் கொட்டுவார். "மிஸ்ஸி, இந்த வெள்ளை மாத்திரை காலையிலயா, ராவுலயாம்மா?" அவருக்கு எழுத்து தெரியாது. ஒவ்வொரு பொட்டலத்திலும் சூரியனையும் நிலாவையும் வரைந்து கொடுக்க வேண்டும். வரைந்து முடிப்பதற்குள், காய்ச்சலில் கண் சிவந்த ஒரு வங்காளதேசத் தொழிலாளி. டெங்கியாக இருக்குமோ என்று பயம். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. அவருடைய மண்டோரை போனில் பிடிக்கலாம் என்றால் செம்பனைக்குள் லைன் கிடைக்காது. பக்கத்து அறையில் தடுப்பூசிக் குழந்தைகளின் கச்சேரி. நடுவில் இணையம் அறுந்து போகும். தாளில் எழுதி, தொடர்பு வந்ததும் திரும்பக் கணினியில் ஏற்றவேண்டும். ஒரே வேலை இரண்டு தடவை. அப்போது பார்த்து வாட்ஸ்அப் குழுவில் வரும்: 'மிக அவசரம், பன்னிரண்டு மணிக்குள் எண்ணிக்கை அனுப்பவும்.' இதில் எதற்கும் செயலியின் அந்த ஐந்தில் ஒரு முகம் கிடையாது.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். கைத்தொலைபேசியில் கேட்பது முட்டாள்தனம் என்று நான் நினைக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை தாளைக் கொடுத்து 'எப்படி இருந்தது?' என்று கேட்டால், நேற்றைய தலைவலிதான் ஞாபகத்தில் நிற்கும்; மார்ச் மாதத்து அழுகை மறந்திருக்கும். அந்தந்த நேரத்தில் சின்னச் சின்னதாகக் கேட்டுப் பதிந்தால், எந்த ஷிஃப்டில், எந்தக் கிழமையில், எந்த வேலையில் ஆள் நொறுங்குகிறார் என்று கண்டுபிடிக்கலாம். ஆராய்ச்சியாளர்கள் அதற்காகத்தான் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். நல்ல கருவிதான். அந்தக் கருவி சொல்வதைக் காதில் வாங்க ஆள் வேண்டாமா என்பதுதான் என் ஆதங்கம்.

எங்கள் தாய்-சேய் கிளினிக்கைப் பாருங்கள். கர்ப்பிணியின் அட்டையில் வர்ணக் குறி ஒட்டுவோம். வெள்ளை என்றால் தாதியே பார்த்துக்கொள்ளலாம். பச்சை என்றால் கிளினிக் டாக்டர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். சிவப்பு என்றால் அந்த நிமிடமே மருத்துவமனை. சிவப்பை ஒட்டிவிட்டு 'மூச்சை இழுத்து விடும்மா' என்று எவளாவது வீட்டுக்கு அனுப்பினால் அன்றைக்கே விசாரணை. வேலை போனாலும் போகும். அந்த வர்ணம் யாரை அலங்கரிக்கவும் வந்ததல்ல. வர்ணம் மாறினால் பொறுப்பு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுகிறது. யார் யாரைக் கூப்பிட வேண்டும், யார் கூட வண்டியில் ஏற வேண்டும் என்பதெல்லாம் எழுதி வைத்திருக்கிறது.

செயலியிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு இருக்கிறது. சிவப்பு வந்தால் என்ன ஆகும்? நீர்வீழ்ச்சிப் படம் ஓடும். புல்லாங்குழல் கேட்கும். நான்கு எண்ணும்வரை மூச்சை இழு, நான்கு எண்ணும்வரை அடக்கு, நான்கு எண்ணும்வரை விடு என்று ஒரு வட்டம் பெருத்துச் சிறுக்கும். அதன் கீழே ஆலோசனை எண். சுகாதார அமைச்சு 2022 அக்டோபரில் தொடங்கிய 15555 நல்ல சேவை; உயிர் வெறுத்துப்போன யாருக்கும் அந்த எண்ணை நானே எழுதிக் கொடுப்பேன். ஆனால் மறுநாள் காலை ஏழரைக்கு அதே வரிசை, அதே காலி நாற்காலி. சிவப்பு எழுந்தது என் கையில். அதைத் தணிக்க வேண்டிய பொறுப்பும் என் தலையிலேயே. மேலே யாருடைய மேசையிலும் மணி அடிக்கவில்லை.

அதனால் என்ன நடக்கிறது தெரியுமா? எல்லோரும் சிரிக்கிற முகத்தைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். புதிதாக வந்த ஒரு பிள்ளை மட்டும் உண்மையாக அழுகிற முகத்தைத் தட்டியது. சிஸ்டர் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, பாசமாகக் கேட்டாராம்: "வீட்ல ஏதும் பிரச்சினையாம்மா?" சிஸ்டர் நல்லவர்தான். அவருக்கும் மேலிருந்து அப்படிக் கேட்கத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வெளியே வந்த பிள்ளை என்னிடம் சொன்னது: "அக்கா, வீட்ல ஒரு பிரச்சினையும் இல்ல. வீட்டுக்குப் போக முடியலங்கிறதுதான் பிரச்சினை." அன்றிலிருந்து அவளும் பல்லைக் காட்டுகிற முகம்தான். காலாண்டு முடிவில் வந்த வரைபடத்தில் எங்கள் கிளினிக் பச்சைப் பசேல். பாராட்டுக் கடிதம் வராத குறை.

தட்டினால் யார் பார்ப்பார்கள் என்ற பயம் வேறு. 'உங்கள் தகவல் பாதுகாப்பாக இருக்கும்' என்று திரையில் ஒரு வரி. நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வங்கியையும் பேரங்காடியையும் கட்டுப்படுத்துமே தவிர, மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. அரசாங்க ஊழியர் ஒருத்தி, அரசாங்கக் கிளினிக்கில், தன் மன நிலையை எழுதிக் கொடுக்கிறாள். அது பதவி உயர்வு நேரத்தில் எவர் மேசையில் விரியும் என்று அவள் யோசிக்க மாட்டாளா? சீக்கு என்று சொன்னால் மருத்துவ விடுப்பு கிடைக்கும். மனசு சரியில்லை என்று சொன்னால் 'அவளிடம் பொறுப்பைக் கொடுக்க வேண்டாம்' என்ற பேர்தான் கிடைக்கும்.

எங்களுக்கு அழுத்தம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கச் செயலி வேண்டுமா என்ன? நாங்கள் சொல்லாமலா இருந்தோம்? 2016 டிசம்பரில் இளம் டாக்டர்களை ஒப்பந்தத்தில் எடுக்கும் முறை வந்தது. கிட்டத்தட்ட ஐந்து வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, 2021 ஜூலை 26-ஆம் தேதி, கோவிட் உச்சத்தில், கறுப்பு உடையோடு பதாகை பிடித்து வெளியே வந்து நின்றார்கள். அதே மாதம் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் கட்டில் போதாமல் நோயாளிகள் நிரம்பி வழிந்த படங்களை நாடே பார்த்தது. வார்டு தாதியரின் வார வேலை நேரத்தை 42 மணியிலிருந்து 45 ஆக்கப் போகிறார்கள் என்றதும் மலாயா தாதியர் சங்கம் எதிர்த்துக் குரல் கொடுத்ததும், அமல்படுத்துவது தள்ளிப்போனதும் பத்திரிகையில் வந்த சேதிகள். இவ்வளவு சத்தமாகச் சொன்னது காதில் விழாதவர்களுக்கு, ஐந்து மஞ்சள் முகம் சொல்வது மட்டும் விழுந்துவிடுமா?

ஆராய்ச்சியும் இல்லாமல் இல்லை. கோவிட் காலத்தில் நம் நாட்டுச் சுகாதார ஊழியர்கள் 893 பேரிடம் கேட்டு 2021-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பாதிக்கும் மேல், 53.8 விழுக்காட்டினர், தாங்கள் சோர்ந்து போயிருப்பதாகச் சொன்னார்கள். சோர்வுக்குக் காரணம் வேலை என்றவர்கள் 39.1 விழுக்காடு. நோயாளிகளால் சோர்ந்தவர்கள்? 17.4 மட்டும். அந்தக் கடைசி எண்ணைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மாத்திரைப் பையைக் கொட்டுகிற பாட்டி எங்களைச் சோர வைக்கவில்லை. பாட்டிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொடுக்க முடியாமல் எழுப்பி அனுப்புகிறோமே, அதுதான் சோர வைக்கிறது.

இதில் இன்னொரு கூத்து. செயலிக்காரர்களின் 'சுகாதார ஊழியர்கள்' பட்டியலில் எங்கள் கழிவறையையும் தரையையும் கழுவுகிற அக்கா கிடையாது. அவர் பால் வெட்டின தோட்டம் மூடி, வீடு தாமானுக்கு மாறி, வேலை இல்லாமல் துப்புரவுக் குத்தகைக் கம்பெனியில் சேர்ந்தவர். அரசாங்க மருத்துவமனைகளின் துப்புரவு 1990-களிலேயே தனியாருக்குப் போய்விட்டதால், இவர்களைப் போன்றவர்கள் எங்கள் கூரைக்குக் கீழே வேலை செய்தாலும் எங்கள் கணக்கில் வரமாட்டார்கள். ரத்தம் தோய்ந்த பஞ்சை அள்ளுவது அவர். அழுத்தம் அளக்கப்படுவது எனக்கு. 2020 ஜூன் 2-ஆம் தேதி ஈப்போ மருத்துவமனை வாசலில் துப்புரவுத் தொழிலாளர்களுக்காக மறியல் செய்த சங்கத்தார் ஐந்து பேரைப் போலீஸ் பிடித்துப் போனது. அவர்களின் மனநிலையை அன்றைக்கு எந்தச் செயலியும் விசாரிக்கவில்லை. நான் அந்த அக்காவிடம் செயலியைக் காட்டினேன். முகங்களை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இத அமுக்குனா ஓவர்டைம் காசு வருமா மிஸ்ஸி?"

நோவையும் மருந்தையும் நம் தலையிலேயே கட்டுகிற இந்தக் கதை, தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பழசு. என் பாட்டி காலத்தில் காய்ச்சலுக்குப் பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், நிற்க வைத்துக் கொய்னா மருந்து கொடுப்பார்கள். கசப்பு தாங்காமல் துப்பினால் கங்காணி திட்டுவான். காய்ச்சல் வந்தது உன் உடம்பில், மருந்தும் உன் வாயில். லயத்து வீடுகளுக்குப் பின்னாலிருந்த சதுப்பைப் பற்றிப் பேச்சில்லை. அந்தச் சதுப்பைப் பற்றிப் பேசினவர் ஒருவர் இந்த வட்டாரத்திலேயே இருந்தார். மால்கம் வாட்சன் என்ற வெள்ளைக்கார டாக்டர், 1901-இல் கிள்ளான் மாவட்டத்தில் மலேரியா ஆட்களைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்தபோது இங்கே வேலை பார்த்தவர். அவரும் கண்காணிப்புதான் செய்தார். தோட்டத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தடவி, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று எண்ணினார். எந்தத் தோட்டத்தில் வீங்கின பிள்ளைகள் அதிகமோ, அங்கே குடியிருப்பைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்த்தார். கரையோரத் தாழ்நிலத்தில், காட்டுச் சதுப்பு நீரில்தான் அந்தக் கொசு வளர்கிறது என்று கண்டு, காட்டை வெட்டவும் வாய்க்கால் தோண்டவும் வைத்தார். கிள்ளான் பட்டணத்தில் காய்ச்சல் மளமளவென்று இறங்கியது. மலையடிவாரத்தில் வேறு ஜாதிக் கொசு, வெயில் படும் ஓடையில் வளர்வது. அங்கே காட்டை வெட்டினால் காய்ச்சல் கூடியது. அதைக் கண்டதும் அங்கே வழியை மாற்றிக்கொண்டார்.

தோட்ட முதலாளிகளுக்குக் கூலிகள் சாகாமல் இருந்தால் லாபம். அதை நான் மறக்கவில்லை. ஆனால் அளந்தவர் அளவோடு நிற்கவில்லை. அளந்தது பிள்ளையின் வயிற்றை, வெட்டியது மண்ணை. எங்களை அளக்கிறவர்கள் எங்கள் மனசை அளக்கிறார்கள், திரும்ப எங்கள் மனசுக்கே மருந்து எழுதுகிறார்கள். சதுப்பு அப்படியே கிடக்கிறது.

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற கோமாளித்தனமும் இல்லை. 2020-இல் கோவிட் வந்ததும் பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை ஊழியர்களுக்கு ஹெட்ஸ்பேஸ், அன்மைண்ட், ஸ்லீப்பியோ என்று செயலிகளை இலவசமாக அள்ளிக் கொடுத்தார்கள். 2024-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃபிளெமிங், அந்த நாட்டின் 233 நிறுவனங்களில் 46,336 ஊழியர்களின் பதில்களை வைத்துப் பார்த்தார். நலச் செயலி, தியானப் பயிற்சி, மன உறுதி வகுப்பு எல்லாம் எடுத்துக்கொண்டவர்கள், எடுக்காதவர்களைவிட நன்றாக இருப்பதாகத் தெரியவில்லை. உலகச் சுகாதார நிறுவனமும் 2022-இல் வேலையிட மனநலத்துக்கென்று வழிகாட்டி வெளியிட்டது. வேலைப் பளு, வேலை நேரம் போன்ற வேலைச் சூழலையே சரி செய்ய வேண்டும் என்பதும், மேலாளர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்பதும் அதில் உண்டு. எங்களுக்குச் செயலியைக் கொண்டுவந்தவர்கள் இதையெல்லாம் படிக்காதவர்களா? படித்தவர்கள்தான். படித்ததை நடைமுறைப்படுத்தினால் ஆள் எடுக்க வேண்டும். ஆள் எடுத்தால் சம்பளம், அலவன்ஸ், பென்ஷன். செயலிக்கு அந்தச் செலவு கிடையாது. சந்தாவைக் கட்டினால் நம் பொறுப்பு முடிந்தது.

சரி, செயலியை வைத்துக்கொள்ளுங்கள். கேட்கிறதைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். 'நீ எப்படி இருக்கிறாய்' என்பதோடு 'இன்றைக்கு எத்தனை பேர் செய்ய வேண்டிய வேலையை எத்தனை பேர் செய்தீர்கள்' என்றும் ஒரு வரி போடுங்கள். பெயரில்லாமல் பதியட்டும், கிளினிக் வாரியாகக் கூட்டிக் காட்டட்டும். கர்ப்பிணி அட்டைக்குச் செய்தது போல இதற்கும் எழுதி வையுங்கள்: மஞ்சள் தொடர்ந்து வந்தால் மாவட்டச் சுகாதார அலுவலகம் என்ன செய்ய வேண்டும், சிவப்பு வந்தால் எத்தனை நாளுக்குள் மாற்று ஆள் வர வேண்டும், வராவிட்டால் யார் பதில் சொல்ல வேண்டும். துப்புரவு அக்காவின் பெயரையும் சேருங்கள். அவருக்குப் புரிகிற பாஷையிலும் கேள்வி இருக்கட்டும். அடுத்த கூட்டத்தில் பச்சை மஞ்சள் வரைபடம் காட்டுகிறவர், அதன் பக்கத்திலேயே எத்தனை காலியிடத்தை நிரப்பினோம் என்ற எண்ணையும் காட்டட்டும். அந்த எண் இல்லாத வரைபடத்துக்குக் கை தட்ட எங்களைக் கூப்பிடாதீர்கள். எங்களுக்கு வாசலில் வரிசை நிற்கிறது.

ஆளைப் போடுங்கள். அப்புறம் 21 என்ன, 210 கேள்விகூடக் கேளுங்கள். உட்கார்ந்து பதில் சொல்ல அப்போதாவது எங்களுக்கு நேரம் இருக்கும்.